சங்கு விளைகிற தரை

ஏரியூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாவு விழுந்தால் சங்கு ஊதுவார்கள். சேகண்டியும் சங்கும் சேர்ந்து ஒலித்தாலே எந்தத் தெரு, எந்த வீடு என்று ஆட்கள் காது கொடுப்பார்கள். பிறந்த குழந்தைக்கு மருந்து புகட்டுவதற்கும் பழைய வீடுகளில் சின்னச் சங்கு ஒன்று உண்டு. பிறப்புக்கும் இறப்புக்கும் வேண்டிய பொருளாக அது எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. ஆனால் தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பெருநீர் மேட்டூர் அணையின் தேக்கம்தான். நாகமரையிலும் ஒட்டனூரிலும் பரிசல் துறைகள் இருக்கின்றன. அக்கரையில் சேலம் மாவட்டம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற இந்த மேட்டு நிலத்துக்கு உப்பும் கருவாடும் சங்கும் கடலிலிருந்து வந்து சேர்கின்றன. உப்பு மூட்டையில் தூத்துக்குடி என்று அச்சிட்டிருக்கும். சங்கில் எந்த ஊரின் பெயரும் இருக்காது. தமிழ்நாட்டுச் சங்கில் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் தரையிலிருந்து வருவது. அதில் தூத்துக்குடிக் கடலின் பங்கு பெரியது.

அந்தத் தரையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கடலோரத்தில் வாழாத ஒருவருக்கு அதில் என்ன பேச்சு என்று கேட்கலாம். கடலைப் பயன்படுத்துகிறவர்கள் கடலோரத்தில் மட்டும் இல்லை என்பதே என் பதில். துறைமுகம் யாருக்காக விரிவடைகிறது என்று கேட்டால் உள்நாட்டுச் சரக்குக்காக என்றுதான் சொல்கிறார்கள். உள்நாட்டின் பெயரால் கடல்தரை தோண்டப்படும்போது உள்நாட்டுக்காரருக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

தூத்துக்குடியை நாம் துறைமுகம் என்று அறிகிறோம். கப்பல், கிரேன், நிலக்கரி, கன்டெய்னர், 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. இவற்றுக்கெல்லாம் முன்னால் அங்கே இருந்தது கடலுக்கடியில் கிடந்த பார். மணல்தரைக்கு நடுவே கல்லாக மேடிட்ட திட்டுகளை அங்குள்ள கடலோடிகள் பார் என்கிறார்கள். முத்துச்சிப்பி அவற்றில்தான் ஒட்டி வளரும். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் என்ற பெயரை முத்துக்குளிப்பின் வரலாறு படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். கொற்கை துறையாக இருந்த காலத்திலும், தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போய்க் காயல் துறையான காலத்திலும், அதுவும் தூர்ந்து தூத்துக்குடிக்கு வணிகம் நகர்ந்த பிறகும் பார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. துறைகள்தான் இடம் மாறின. மார்க்கோ போலோ காயலுக்கு வந்ததும், போர்த்துக்கீசியர் 1530களில் இந்தக் கரையில் காலூன்றியதும், 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டதும், பிறகு ஆங்கிலேயர் வந்ததும் பெருமளவுக்கு இந்தத் தரைக்காகவே. துணியும் மிளகும் வேறு துறைகளிலும் கிடைத்தன. முத்தும் சங்கும் இப்படி ஒரே கடலில் சேர்ந்து கிடைத்த இடங்கள் குறைவு.

முத்துக்குளிப்பில் என்னைக் கவர்ந்தது அதன் செல்வமல்ல, அதில் இருந்த காத்திருப்பு. பாரில் சிப்பி தெரிந்தவுடன் யாரும் குதித்துவிட முடியாது. அரசு ஆட்களை அனுப்பிப் பார்களைச் சோதிக்கும். குளிப்பவர்கள் இறங்கி மாதிரிக்குச் சிப்பி எடுத்துவருவார்கள். அவற்றைத் திறந்து, முத்தைப் பிரித்து, மதிப்பிட்டு, இந்த ஆண்டு குளிக்கலாமா அல்லது இன்னும் வளரவிட வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். சிப்பி முற்ற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முற்றாத பாரில் குளிப்பு கிடையாது. பார் வெறுமையாகிவிட்டால் ஆண்டுக்கணக்கில் குளிப்பே இருக்காது. 1928க்குப் பிறகு 1955இல்தான் தூத்துக்குடியில் மறுபடி குளித்தார்கள். தொடர்ந்து 1961 வரை நடந்தது. அதுவே கடைசி. குளிப்பு நடக்கும்போது எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு, மீதி அரசுக்கு என்ற கணக்கும் இருந்தது. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்ற ஆளுக்கும் அந்தத் தொழிலில் இடம் இருந்தது. அவர் கரையில் இருந்தால்தான் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். அரசாங்க அதிகாரிகளே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மந்திரம் பலிக்குமா என்பது எனக்கு முக்கியமல்ல. கடலுக்குள் இறங்குகிறவனின் அச்சத்தை மதித்து ஓர் ஏற்பாடு இருந்ததே, அதுதான் முக்கியம்.

சங்குக்கும் அப்படி ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட விட்டத்துக்குச் சிறிய சங்கு கையில் வந்தால் உயிரோடு கடலிலேயே விட வேண்டும். மன்னார் வளைகுடாச் சங்கைப் பற்றி 1914இல் நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத்துறையில் இருந்தவர். வங்காளத்துப் பெண்களின் கைவளைக்காக இந்தச் சங்கு மூட்டை மூட்டையாகப் போவதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். தாலிக்கு நிகராக அங்கே மதிக்கப்படும் வளை எங்கள் தெற்குக் கடலின் தரையில் விளைந்தது.

சங்கு பாரில் இருப்பதில்லை. பாரைச் சுற்றியுள்ள மணலில் பாதி புதைந்து, மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்களைத் தின்றுகொண்டு மெதுவாக நகரும். நகர்ந்த இடத்தில் மணலில் கோடு விழும். குளிப்பவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துப் போய்த்தான் சங்கை எடுப்பார்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற ஒருவர் என்னிடம் சொன்னார்: “முன்னெல்லாம் தடம் பாத்துப் போவோம் அண்ணாச்சி. இப்ப மணலுக்கு மேல சகதி ஒக்காந்து கெடக்கு. கையால தொளாவித்தான் எடுக்கணும். கூடக் கொஞ்ச நேரம் அடியிலேயே கெடக்க வேண்டியதாயிட்டு.” கூடக் கொஞ்ச நேரம் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் கிடப்பவருக்கு அந்தக் கூடுதல் நேரம் மூட்டு வலியிலிருந்து முடக்கம் வரைக்கும் கொண்டுபோகக்கூடியது. கடல்தரையில் படிகிற சகதியின் கணக்கு இப்படி ஒரு மனித உடம்பில் வந்து முடிகிறது. சுற்றுச்சூழல் அறிக்கை எதிலும் இந்த வரி வருவதில்லை.

தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. பழைய துறைமுகக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன அந்தத் தோணிகளின் மரபு இன்னும் அற்றுப்போகவில்லை. 1868இல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஊருக்கு ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாள் இருந்து, 1964இல் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டி, 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்காகக் கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள் எழுந்தன. வடக்குச் சுவர் 4,098 மீட்டர், தெற்குச் சுவர் 3,873 மீட்டர். கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதர் கொண்டுபோய்க் கொட்டிய கல்.

ஆனால் அலையைத் தடுக்கும் முதல் சுவரை மனிதர் கட்டவில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு தீவுகள். அதற்கும் வடக்கே வேம்பார், கீழக்கரை, மண்டபம் வரை வரிசையாக இன்னும் பதினேழு. இவை மலை உச்சிகள் அல்ல. பவளப்பாறையின் உடைந்த துண்டுகளும் அதன் மணலும் சேர்ந்து மேடான திட்டுகள். சுற்றிலும் உயிரோடு இருக்கும் பவளப்பாறை அலையை உடைக்கிறது, உடைந்த துண்டுகளால் தீவுக்கு மண் கொடுக்கிறது. இடையில் விரிந்த கடற்புல் அந்த மணலை வேரால் பிடித்து வைக்கிறது. கடற்பசுவும் கடல்குதிரையும் இறால் குஞ்சும் அந்தப் புல்லில்தான் வளர்கின்றன. இந்த மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் நெடுநாள் நிற்காது. 2004 ஆழிப்பேரலையில் தூத்துக்குடி நாகப்பட்டினம்போல அழியாததற்கு இலங்கை மறைத்து நின்றதோடு இந்தத் தீவுகளையும் காரணமாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

அந்தச் சுவரைத்தான் தூத்துக்குடி பல பத்தாண்டுகள் வெட்டித் தின்றது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொல்கிறேன். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் வீட்டுச் சுவருக்கும் பவளக்கல் வேண்டியிருந்தது. வள்ளங்களில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பெயர்த்தவர்கள் ஏழைகள், கூலிக்குப் போனவர்கள். வாங்கியவர்கள் வேறு ஆட்கள். மன்னார் வளைகுடாவில் 110 சதுர கிலோமீட்டர் அளவுக்கு இருந்த பவளப்பாறையில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே அழிந்துவிட்டதென்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. அந்த அழிவுக்குக் கல் எடுத்ததைத்தான் பெரிய காரணமாக அவர்கள் வைக்கிறார்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்தன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. ஆனாலும் 2005 வாக்கில்தான் கல் எடுப்பது உண்மையில் நின்றது. ஆழிப்பேரலையைக் கண்ணால் பார்த்த பிறகு கரையோர மக்களே வேண்டாம் என்றது சட்டத்தைவிட அதிகம் வேலை செய்தது.

அதற்குள் விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் போய்விட்டது. வான் தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர். 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, நடுவில் இரண்டாகப் பிளந்துவிடும்போல ஆனது.

ஏரியூர்க்காரர்களுக்கு நிலம் தண்ணீருக்குள் போவது புதிதல்ல. 1934இல் மேட்டூர் அணை நிரம்பத் தொடங்கியபோது எங்கள் பக்கத்து ஊர்கள் முழுகின. நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில், தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும். தண்ணீர் ஏறினால் மறுபடி மறையும். விலாங்குச்சல்லி அப்படி இறங்கி ஏறுகிற நீருக்குள் போகவில்லை. அதைத் தாங்கிய பாறையே இல்லாமல்போன பிறகு கோடை வந்தாலும் வறட்சி வந்தாலும் அது வெளியே வராது.

மேட்டூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உல்லம் என்றொரு மீன், வங்காளத்தில் அதை ஹில்சா என்று கொண்டாடுகிறார்கள். கடலில் வாழ்ந்து, வெள்ளக் காலத்தில் ஆறேறி வந்து முட்டையிடும். காவிரியிலும் ஏறி வந்தது. கொள்ளிடத்தில் கீழணையும் பிறகு மேட்டூரும் வழியை அடைத்தபின் காவிரியில் அதன் கதை முடிந்தது. சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த பி. சுந்தரராஜ் 1941இல், மேட்டூரிலிருந்து இந்தியா கற்க வேண்டிய பாடம் என்ன என்று ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அணை கட்டியவர்கள் பாசனத்தையும் மின்சாரத்தையும் கணக்கிட்டார்கள், ஆற்றில் ஏறி இறங்கும் உயிர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. மேட்டூர் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து மீனவர்கள் இன்று பிடிக்கும் கட்லாவும் ரோகும் அணைத் தேக்கத்தால் கிடைத்த பிழைப்பு. சொல்ல வருவது வேறு. அணை எழுந்து ஏழு ஆண்டுக்குள் ஓர் அதிகாரி அதன் குறையை எழுத்தில் வைத்தார். அதற்குப் பிறகு கட்டிய எத்தனை அணைகளில், எத்தனை துறைமுகங்களில் அந்தக் கேள்வி முதலிலேயே கேட்கப்பட்டது?

தூத்துக்குடியில் கேள்வி முதலில் கேட்கப்படவில்லை. 1979 முதல் இயங்கிய அனல்மின் நிலையத்தின் சாம்பல் கலந்த நீர் கடலோரத்து விரிகுடாவில் படிந்து அடித்தரையை மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நகரத்தின் கழிவைச் சுமந்து பக்கிள் ஓடை கடலில் போய் விழுகிறது. விசைப்படகுகளின் இழுவைமடி தரையை வாரிக்கொண்டு போகிறது. கரையை ஒட்டிய கடலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1983 முதல் சட்டம் இருக்கிறது. தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் அன்றிரவே திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. அதற்கு நாட்டுப்படகுக்காரர்கள் நெடுங்காலம் போராடினார்கள். தரைக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதி இப்படிக் கரையோர மக்கள் சண்டை போட்டு வாங்கியதுதான். இவ்வளவுக்கும் மேல் கடலின் சூடு. 2016இல் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்தன. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. உலகம் சூடாவதைத் தூத்துக்குடியால் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் சூட்டில் வாடிய பவளம் மறுபடி தேறுவதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவு செய்து கொடுக்கிறது. பாசிக்கு வெயில் வேண்டும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது. ஆகவே உள்ளூரில் செய்ய முடிந்தது என்று ஒன்று உண்டென்றால் அது கலங்கலைக் குறைப்பதுதான்.

பாதுகாப்புக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1986இல் இருபத்தொரு தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து சுமார் 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் ஏறியது. எனக்கு இதில் இரண்டு வருத்தங்கள். கோடு போட்டவர்கள் அங்கே தலைமுறைகளாகத் தொழில் செய்தவர்களை முதலில் அத்துமீறுபவர்களாகப் பார்த்தார்கள். இராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் கரையிலிருந்து தீவுவரை மூச்சடக்கி உழைப்பவர்கள். பூங்கா வந்தபின் அவர்கள் வனக்காவலரைக் கண்டு ஓட வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்தார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. முத்துச்சிப்பி முற்றும்வரை பாரை மூடி வைத்த பழைய பொறுமையின் தொடர்ச்சியை நான் பூங்காவின் எல்லைக்கல்லைவிட இந்தப் பன்னிரண்டு நாள் கணக்கில்தான் காண்கிறேன்.

இரண்டாவது வருத்தம் பெரியது. பூங்காவின் கோடு தீவைச் சுற்றி நிற்கிறது. கலங்கலுக்குக் கோடு தெரியாது. துறைமுகத்தின் கால்வாயை ஆழப்படுத்தும்போது எழும் வண்டல் நீரோட்டத்தோடு போய்ப் பவளத்தின் மேலும் புல்லின் மேலும் இறங்குகிறது. பூங்காவுக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு வேறொரு துறை, மின்நிலையத்துக்கு மற்றொன்று, ஓடைக்கு மாநகராட்சி. தரை ஒன்றுதான். தரைக்குப் பொறுப்பான ஒரே மேசை எங்கும் இல்லை.

வான் தீவில் நடந்ததைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. சுகந்தி தேவதாசன் நிறுவனத்தின் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவரது குழுவினரும், ஐஐடி சென்னையின் வடிவமைப்போடு, துளைகள் உள்ள கான்கிரீட் செயற்கைப் பாறைகளைத் தீவின் கடல்பக்கத்தில் வளைவாக அடுக்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாறைகள். நடுவணரசின் பருவநிலைத் தகவமைப்பு நிதியும் தமிழ்நாடு அரசும் பணம் தந்தன. அலையின் வேகம் குறைந்தது. தீவில் மணல் மறுபடி சேர்ந்தது. பாறைகளின் துளைகளில் மீன் குடிவந்தது, மேலே பவளக் குஞ்சுகள் ஒட்டின. இப்போது காரைச்சல்லிக்கும் இதே வைத்தியம், உலக வங்கி உதவியுடன் சுமார் ரூ.50 கோடியில் மாநில அரசு எடுத்துக்கொண்ட திட்டம். பல பத்தாண்டுகள் கூலிக்குப் பெயர்த்து விற்ற கல்லை இப்போது கோடிகள் செலவழித்துக் கான்கிரீட்டில் செய்து திரும்ப வைக்கிறோம். செய்ய வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கான்கிரீட் பாறைக்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். அதன்மேல் ஒட்டுகிற பவளக் குஞ்சும் சகதியில் மூச்சடைத்துத்தான் சாகும்.

இந்த இடத்தில்தான் 2024 பிப்ரவரி 28 வருகிறது. அன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பு ரூ.7,056 கோடி. இப்போதுள்ள சுவர்களுக்கும் வெளியே, இன்னும் ஆழமான கடலை நோக்கிப் போகும் திட்டம். இதை எதிர்த்து எழுதுவது எளிது. என் மாவட்டத்து இளைஞர்கள் வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, துறைமுகம் வளரக்கூடாது என்று என்னால் எழுத முடியாது. திருப்பூரின் பின்னலாடை கப்பலேறுகிற துறைகளில் தூத்துக்குடியும் ஒன்று. ஏரியூர்ப் பிள்ளைகளின் தையல் கூலி அந்தக் கப்பலில் இருக்கிறது. அதனால்தான் தோண்டுகிற விதத்தைக் கேட்கிற உரிமையும் எங்களுக்கு இருக்கிறது.

விதம் உண்டு என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. உலகின் மிக நெரிசலான துறைமுகங்களில் ஒன்று அது, கடலைத் தூர்த்து நிலம் சேர்த்ததில் தன் பவளப்பாறைகளில் பெரும்பகுதியை இழந்த நாடும்கூட. ஆனால் செமாக்காவ் தீவில் குப்பைக்கிடங்குக்காகக் கடலை அடைத்துச் சுவர் எழுப்பியபோது, வண்டல் பரவாமலிருக்கத் தண்ணீருக்குள் திரை கட்டினார்கள். அருகிலுள்ள பவளத்தைக் கண்காணித்துக்கொண்டே வேலை செய்தார்கள். அழிந்த அலையாத்தி மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் நட்டார்கள். 1999இல் கிடங்கு திறந்தபின்னும் அந்தக் கரையில் பவளம் உயிரோடு இருக்கிறது. 2014இல் கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும் அதே நீரில் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல்பூங்காவாக்கினார்கள். அங்கே நெறிப்படுத்துகிறவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதில்லை. இழந்தது போதும் என்று ஒரு கட்டத்தில் கணக்குப் பார்த்தார்கள்.

தூத்துக்குடிக்கு என்ன கேட்கலாம் என்று யோசித்தால் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளங்கள் மார்ச், ஏப்ரல் வாக்கில் முட்டையிடுவதை உள்ளூர் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று அறுபத்தொரு நாள் தடை இருக்கிறது. வயிற்றுப்பிழைப்புக்காரர்களை மீன் முட்டையிடும் காலம் என்று சொல்லிக் கரையில் நிறுத்துகிறோம். தூர்வாரும் கப்பலுக்கும் ஏன் ஒரு தடைக்காலம் இருக்கக்கூடாது? மார்ச்சில் தொடங்கி ஜூன் பாதிவரை தோண்டும் வேலையை நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்குச் செலவு கூடும், உண்மைதான். சாதாரணப் படகுத் தொழிலாளி அந்தச் செலவை ஒவ்வோர் ஆண்டும் தாங்குகிறார். எடுத்த மண்ணை எங்கே கொட்டுகிறார்கள், அந்த இடத்திலிருந்து பார்களும் சங்குத்தரையும் எவ்வளவு தூரம் என்பதைத் தமிழில் வரைபடமாக அச்சடித்துத் திரேஸ்புரத்திலும் பழைய துறைமுகத்திலும் மீன் ஏலக்கூடங்களிலும் ஒட்டலாம். வாரந்தோறும் தண்ணீரின் கலங்கல் அளவை எழுதி வைக்கலாம். அளவு மீறினால் கப்பலை நிறுத்தும் அதிகாரம் தோண்டுகிறவர் கையில் இருக்கக்கூடாது.

அளப்பவர்கள் யார் என்பதில்தான் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் அரசாங்கம் பாரைச் சோதிக்கக் குளிப்பவர்களைத்தான் கீழே அனுப்பியது. அவர்கள் மேலே வந்து சொன்னதை வைத்து ஒரு முழு ஆண்டின் தொழில் தீர்மானமானது. இன்றைக்குத் தூத்துக்குடியில் கடல்தரையை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்க்கிறவர்கள் சங்கு குளிப்பவர்களே. எந்தத் தரையில் சென்ற ஆண்டு மணல் இருந்தது, இந்த ஆண்டு சகதி எத்தனை விரல்கடை என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஆய்வாளர்களோடு படகில் ஏற்றி, கம்ப்ரசர் குழாய்க்குப் பதிலாகப் பாதுகாப்பான கருவி தந்து, தோண்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை முழுத்தரையையும் பார்த்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். தொள்ளாயிரம் பாரிலிருந்து தொடங்கலாம். அந்தப் பாரின் இடம் அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.